பதினாறு நிமிடம் ஒன்பது வினாடி

கேட் கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று விளக்கக் கடிதத்தில் மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தது நான். கையெழுத்து மட்டும்தான் மாமாவுடையது.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். மருந்துகள் வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் இருபத்தேழு வருடமாக இயந்திர ஆபரேட்டர். அதே வளாகத்து அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, "என் மச்சினன் சார், கம்ப்யூட்டர் படிச்சிட்டுச் சும்மா உக்காந்திருக்கான்" என்று எனக்காகக் கேட்டில் கால் கடுக்க நின்றவர் அவர்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அன்று காலை ஷிப்டு முடியும் நேரம். மூன்றாம் அறையின் கம்ப்ரசர் நின்று அலாரம் அடித்தது. மாமா மாற்றுக் கம்ப்ரசரை ஓடவிட்டு, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "1.52 – அலாரம். மாற்று இயந்திரம் போடப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதினார். இரண்டு மணிக்கு வாட்ச்மேன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, கிடங்குக்குள் மட்டும் கேட்கும் சங்கை அழுத்தினார். மாமா அடுத்த ஷிப்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, கேட்டில் விரலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மாலைக்குள் மாற்று இயந்திரமும் நின்றுவிட்டது. ஒரு அறை மருந்து முழுவதும் குப்பைக்குப் போனது.

அவ்வளவு மருந்து வீணானால் யார் தலையாவது உருள வேண்டும். அலாரப் பெட்டிக்குள் தனியாக ஒரு சிம் உண்டு. 1.52க்கு அலாரம் என்று அது தலைமை அலுவலகத்துக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தது. கேட்டிலுள்ள விரல்ரேகை இயந்திரமோ, மாமா வெளியே போனது 1.47 என்றது. அலாரம் அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே போனவர், 1.52க்குப் பதிவேட்டில் எப்படி எழுதினார்? மறுநாள் வந்து எழுதியிருக்கிறார். ஆகவே பொய்ப் பதிவு. ஆகவே வேலை நீக்கம். அடுத்த ஷிப்டுக்காரர், "நான் வந்தப்போ அவரைப் பாத்த ஞாபகம் இல்ல சார்" என்று கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக நழுவிக்கொண்டார்.

வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். கடைசி விசாரணை அன்று காலையில் நான் போனபோது, அக்கா கூடத்தில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"பாத்திரத்தைக் கட்டவா, வேண்டாமா? ஒரே வார்த்தை சொல்லிட்டுப் போ."

"இன்னிக்கு மூணு மணிக்குத்தான்க்கா விசாரணை. சர்வரைப் பாக்கச் சொல்லியிருக்காங்க."

"அங்க இருக்கிற மெஷின் எல்லாத்தையும் நீதானே பாக்கறே? ஒரு கடிகாரத்தைப் பாக்க இத்தனை நாளா?"

"அவன் பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ சும்மா இரு" என்றார் மாமா. பிறகு என்னிடம், பத்து நாளாகச் சொன்னதையே மறுபடியும் சொன்னார். "சங்கு ஊதி மூணு நிமிஷம் கழிச்சுத்தான்டா விரல் வெச்சேன். என் வாட்ச் பொய் சொல்லாது."

அது ஊரறிந்த வாட்ச். காலை ரேடியோச் செய்திக்கு முன் அதைத் திருகி வைக்காமல் அவர் பல் தேய்க்க மாட்டார். கிடங்கில் அவருக்குப் பட்டப்பெயரே மணிக்கூண்டு.

எங்கள் வளாகத்தில் போன் உள்ளே வரக்கூடாது. கேட்டில் லாக்கரில் வைத்துவிட வேண்டும். அலுவலகத்தில் எல்லாருக்கும் கம்ப்யூட்டர் காட்டுவதுதான் மணி. சுவர்க் கடிகாரத்தைக்கூட அதைப் பார்த்துத்தான் வைப்போம். அந்தக் கம்ப்யூட்டர்கள், கேட் இயந்திரம் எல்லாவற்றுக்கும் மணி சொல்வது ஒரே ஒரு நேர சர்வர். என் மேசைக்குப் பின்னால் அலமாரியில் இருக்கும், டிபன் டப்பா அளவுள்ள பெட்டி.

மதியம் மேலாளரே என் மேசைக்கு வந்தார். எதற்கெடுத்தாலும் நோட்டீஸ் ஒட்டுவதால் அவரை நாங்கள் சர்க்குலர் என்போம், அவர் காது கேட்காத தூரத்தில்.

"தம்பி, உங்க மாமா கேட்டிருக்காரு. எனக்கும் மனசாட்சி இருக்கு. என் கண்ணு முன்னாடியே செக் பண்ணுங்க. ஒரு பிரிண்ட் குடுங்க."

கறுப்புத் திரையைத் திறந்தேன். நேர சர்வரின் பெயரைக் கொடுத்து, இந்தக் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டேன். வினாடிக்கு ஒரு வரியாக ஓடியது. பத்து வரி. பத்திலும் வித்தியாசம் சைபர். புள்ளிக்குப் பிறகு நான்காவது இடத்தில்தான் ஏதோ ஓர் எண்.

"சைபர்னா சரியா இருக்குன்னுதானே அர்த்தம்?"

"ஆமா சார்" என்றேன். என் வாயால் சொன்னேன்.

அச்சடித்த தாளை அவர் இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா மெஷின் யாருக்கும் சொந்தக்காரன் இல்ல பாருங்க." திரையின் மூலையில் மணி 2.40. அவர் மாடியேறினார்.

எதிர் மேசை வருகைப் பதிவு அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"உங்க மாமா ஒருத்தரைச் சொல்லி என்ன ஆகப்போகுது? அன்னிக்கு எல்லாருமே ஒண்ணே முக்காலுக்கே கேட்டைத் தாண்டிட்டாங்கப்பா."

"எல்லாருமா?"

"மாசக்கணக்கா இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமா சீக்கிரம் போறாங்க. பதினஞ்சு நிமிஷம் சலுகை இருக்கு, அதைத் தாண்டினாத்தான் சிவப்புல காட்டும். ரெண்டு வாரமா ஒரே சிவப்பு. அதுக்குத்தான் 'பணி முடியுமுன் வெளியேறும் பழக்கம் அதிகரித்துள்ளது'ன்னு சர்க்குலர் ஒட்டினாரு, படிக்கலையா? ஒரு நல்ல விஷயம், காலையில ஒருத்தரும் லேட் இல்ல. எல்லாரும் அலாரம் வெச்ச மாதிரி சீக்கிரம் வந்துடறாங்க."

கொஞ்சம் கொஞ்சமாக என்ற சொல் மட்டும் காதில் நின்றது. சீக்கிரம் வருகிறார்கள், சீக்கிரம் போகிறார்கள். எல்லாரும் ஒரே அளவுக்கு.

அப்போதுதான் நினைவு வந்தது. எட்டு மாதத்துக்கு முன்பு சாலை தோண்டியதில் வெளி இணைப்பு அறுந்துபோயிற்று. வெளியிலிருந்து மணி கிடைக்காமல் அந்தப் பெட்டி எந்நேரமும் எச்சரிக்கை அனுப்பி என் உயிரை எடுத்தது. 'உன் சொந்தக் கடிகாரத்தையே நம்பு' என்று அதற்கு ஒரு வரி எழுதி வாயை அடைத்தேன். இரண்டு நாளைக்குத்தான். மூன்றாம் நாள் இணைப்பு வந்தது. அந்த வரியை நான் எடுக்கவேயில்லை.

என் கம்ப்யூட்டர் மணி வாங்குவது அதே பெட்டியிடம். அப்படியிருக்க, வித்தியாசம் எங்கிருந்து வரும்? திருடன் யோக்கியன்தானா என்று திருடனையே சாட்சி கேட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் தெரிந்துகொண்ட விஷயம் இது.

இந்த முறை வெளியிலுள்ள பொது நேர சர்வரைக் கேட்டேன். பதில் வந்தது. எங்கள் மணி பதினாறு நிமிடம் ஒன்பது வினாடி பின்னால் இருந்தது. மனக்கணக்குப் போட்டேன். நாளுக்கு நான்கு வினாடி, எட்டு மாதம். 1.47ஓடு பதினாறு நிமிடத்தைக் கூட்டினேன். இரண்டு மணி மூன்று நிமிடம். மணிக்கூண்டு சொன்னது சொன்னபடி.

அதையும் அச்சடித்தேன். திரையில் மணி 2.47. மேலாளரின் திரையிலும் அதுதான்; அந்தக் கணக்கில் விசாரணைக்குப் பதின்மூன்று நிமிடம் இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு அப்படியே மாடிக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம். எது கெட்டிருந்தாலும் முதலில் சரிசெய், பிறகு சொல். மேலாளரைக் கூட்டிவந்து காட்டுவதற்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும் என்று என் விரல்கள் நினைத்துவிட்டன. பெட்டிக்குள் நுழைந்தேன், அந்த ஒரு வரியை அழித்தேன், அணைத்துப் போட்டேன். அணைத்துப் போட்டால்தான் அது மாற்றத்தை ஏற்கும். அணைத்தால் பழைய பதிவு எதையும் வைத்துக்கொள்ளாது. இதுவும் எனக்குத் தெரியும்.

பெட்டி எழுந்தது. வெளியே கேட்டது. திருத்திக்கொண்டது. அலுவலகத்துக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக அதனிடம் மணி வாங்கின. என் திரையின் மூலையில் 2.50 என்றிருந்தது கண் முன்னால் 3.06 ஆனது.

"என்னப்பா இது, அதுக்குள்ள மூணு தாண்டிடுச்சு" என்றார் எதிர் மேசை அம்மா.

கேட் இயந்திரமும் திருத்திக்கொண்டதா என்று பார்த்துவிட்டு, இரண்டிரண்டு படியாக ஏறினேன். மேலாளர் அறையில் மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தன் வாட்சை நம்பி அவர் மிகச் சரியாக மூன்று மணிக்கே வந்து சேர்ந்திருக்கிறார். "இன்னிக்கு மட்டும் கால் மணி முன்னாடியே வந்துட்டீங்களே" என்று கேலி செய்து, மேலாளர் அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தாராம். பிறகு தன் திரையில் மணி மூன்றைத் தாண்டியதைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு, என் முதல் தாளை வாசித்துக் காட்டி, "வேற ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?" என்று ஒரு தடவை கேட்டு, கையெழுத்தும் போட்டு முடித்துவிட்டார். நான் நுழைந்தபோது பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"சார், நான் குடுத்த தாள் தப்பு" என்றேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். சாலை தோண்டியது, நான் எழுதிய வரி, பதினாறு நிமிடம் ஒன்பது வினாடி. இரண்டாவது தாளை நீட்டினேன்.

அவர் பொறுமையாகப் படித்தார். குறை சொல்ல முடியாது. "சரி, அப்போ இப்ப என் கம்ப்யூட்டர்லேர்ந்து பாருங்க. நீங்க சொல்ற மாதிரி, வெளியில இருக்கிற சர்வரையே கேளுங்க."

"இப்ப சைபர்தான் சார் காட்டும். நான் சரி பண்ணிட்டேன்."

"எப்ப?"

"இப்பதான். அஞ்சு நிமிஷம் முன்னாடி."

"அப்பவும் சைபர். இப்பவும் சைபர். நடுவுல நீங்க தனியா பாத்தப்போ மட்டும் பதினாறு நிமிஷம்." தாளை என் பக்கம் தள்ளினார். "பெட்டியில பழைய பதிவு இருக்குமே?"

"அணைச்சுப் போட்டதுல போயிடுச்சு சார்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

"சார், உங்க கம்ப்யூட்டர்லயே மணி குதிச்சிருக்கும். கவனிக்கலையா?"

"மூணு ஆயிடுச்சேன்னு பாத்தேன். வேலையா இருந்தா நேரம் போறதா தெரியுது?"

"அன்னிக்கு எல்லாருமே ஒண்ணே முக்காலுக்குப் போன மாதிரிதான் சார் பதிவாயிருக்கு."

"அதுக்குத்தானே தம்பி சர்க்குலர் போட்டேன்?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாமாவைக் காப்பாத்தத் தப்பை உங்க தலையில போட்டுக்கறீங்க. நல்ல குணம். ஆனா மச்சினன் அடிச்ச தாளை நான் ஃபைல்ல வெச்சா, நாளைக்கு என்னைக் கேப்பாங்க. தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் பாருங்க."

"விடுடா" என்றார் மாமா. அது ஒன்றுதான் அந்த அறையில் அவர் பேசியது.

படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் வலி அவருக்கு. பாதியில் நின்று, "அந்தப் பெட்டி விஷயம் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

"மாமா, அது நான் பண்ணின..."

"தெரியும். காதுல விழுந்தது. வேலைதான் போச்சு, அவளுக்குத் தம்பியாவது இருக்கட்டும்."

வீட்டில் அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தாள். பாத்திரங்களை எடுத்துக்கொண்டே, "கடிகாரத்தைப் பாத்தாங்களா, இல்லையா?" என்றாள்.

"பாத்தாங்க. தப்புதான். ஆனா நிரூபிக்க முடியல" என்றார் மாமா.

"இவன் இருந்துமா?"

"அவன் என்ன பண்ணுவான் பாவம்? அவனால ஆனதைச் செஞ்சான்."

அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். வாய் திறக்கவில்லை. அக்கா ஒரு பெட்டியில் பாத்திரங்களை அடுக்கி மூடினாள். "வேடிக்கை பாக்காதே. இந்தக் கயித்தோட நுனியைப் பிடி" என்றாள். பிடித்தேன். அவள் இழுத்து முடிச்சுப் போட்டாள். ஏழு பெட்டி கட்டினோம்.

தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். தேதி, நேரம், நடந்தது, என் தவறு என்று தலைப்பிட்டுத் தனித்தனியாக எழுதி, இரண்டு தாளின் நகலையும் இணைத்தேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நேர சர்வர் நேரில் பரிசோதிக்கப்பட்டது; வித்தியாசம் ஏதும் காணப்படவில்லை; முடிவில் மாற்றமில்லை. என் தவறைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு ஒரு மெமோவாவது வரும் என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை. அதற்குள் அக்கா வீடு மாறி, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்துக்குப் போய்விட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல மாதமாக எங்கள் ஆபீஸ்காரர்களுக்கு ஐந்தே கால் பஸ் கிடைத்ததில்லை. ஐந்து மணிக்குக் கிளம்பி, லாக்கர் வரிசையில் நின்று போனை வாங்கிப் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டு ஓடினால், பஸ் போயிருக்கும். அந்த டிரைவருக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்துத் தினமும் திட்டினோம். நானும் திட்டினேன். அவரைப் பற்றி எதிர் மேசை அம்மா ஒரு புகார் கடிதம்கூட எழுதச் சொன்னார். நல்லபடியாக எழுதிக் கொடுத்தேன்.

பெட்டியைச் சரிசெய்த நாளிலிருந்து தினமும் அந்த பஸ் கிடைக்கிறது. அடித்துப்பிடித்து ஓட வேண்டியதில்லை. உட்காரவும் இடம் இருக்கிறது.

"பாத்தியா, புகார் போனதும் ஆளு எப்படித் திருந்திட்டான்" என்றார் அந்த அம்மா, ஜன்னலோரமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டு. "எழுதினா நடக்கும்ப்பா. உன் எழுத்துக்கு அப்படி ஒரு ராசி."

டிக்கெட்டுக்குக் கையை நீட்டினேன்.