முப்பத்திரண்டு அங்குல ஜமால்

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. திருப்பூரில் ஜமாலைப் பார்த்த மாத்திரத்தில் வேலை இல்லை என்று சொல்லிவிடுவார்கள், உடம்பு அப்படி. பனியன் மூட்டையைத் தூக்கச் சொன்னால் மூட்டைதான் அவனைத் தூக்க வேண்டும். ஆனாலும் தினமும் கம்பெனி கம்பெனியாக நடந்து, வாசலில் தொங்கும் சிலேட்டுப் பலகைகளைப் படித்துக்கொண்டே போவான். முதலாளிகளும் மனதில் பட்டதை அப்படியே எழுதி மாட்டிவிடுவார்கள். 'தும்மாத ஆள் தேவை' என்றது ஒரு பஞ்சுக் கிடங்கு. படிக்கும்போதே ஜமால் தும்மினான். 'நாய்க்குப் பயப்படாத ஆள் தேவை' என்றது இன்னொன்று. நாய் எட்டிப் பார்ப்பதற்குள் அவன் அடுத்த தெருவில் இருந்தான்.

அங்கேதான் அந்தப் பலகை. 'மார்பு முப்பத்திரண்டு அங்குலம் உள்ள ஆள் தேவை. வேலை தெரிய வேண்டியதில்லை.'

முதலாளி மருதாசலம் தன் கையாலேயே டேப் வைத்தார். "கண்ணு, உன்னையத்தான் இத்தன நாளாத் தேடிட்டிருந்தேன்" என்றார்.

மாதிரிக்காகப் புதிதாகத் தைத்த பனியனைப் போட்டுக்கொண்டு குனிந்து நிமிர்ந்து கை தூக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அவனுக்குப் பொருந்தினால் அந்த அளவில் மொத்தமும் வெட்டுவார்கள். சும்மா நிற்பதற்குச் சம்பளமா என்று ஊரே வயிறெரிந்தது. வேலை வந்த கையோடு கல்யாணமும் வந்தது.

பத்ருன்னிசா ஊத்துக்குளிக்காரி. அவள் ஊர் வெண்ணெய்க்குப் பேர் போனது. அவள் கையோ வெண்ணெய் அள்ளியே பழகியது. கொஞ்ச நாளில் ஜமாலின் கழுத்தெலும்பு காணாமல் போனது. பனியன் கடித்தது. மார்பு பெருத்தால் வேலை போகும், மறுபடி நாயும் தும்மலும்தான் என்று பயந்து, தோசைக்கு வெண்ணெய் வேண்டாம் என்றான்.

"ஏனுங்க, என்ற கை பிடிக்கலீங்களா?" என்று அவள் முகம் வாடினாள். அவன் தோசையோடு வெண்ணெயையும் சாப்பிட்டான்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்குதுங்க" என்று மட்டும் கட்டிங் மாஸ்டர் குமாரவேலிடம் சொல்வான். மாஸ்டர் கொஞ்சம் தளர்த்தி வெட்டுவார். ஜமாலை அளந்து பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. எடைக்கல்லை யாராவது நிறுத்துப் பார்ப்பார்களா?

ஒருநாள் மூலனூர் ஜவுளிக் கடைக்காரரோடு முதலாளி உள்ளே வந்தார். கையில் டேப். அளந்தார். முப்பத்து நாலு. மறுபடியும் அளந்தார். அது இறங்குவதாக இல்லை.

ஜமால் பனியனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "ஊட்டுல வெண்ணெய் ஜாஸ்திங்க. தப்புத்தானுங்க" என்றான். மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். "அதுதானா சங்கதி! மத்த கம்பெனி பனியனெல்லாம் ஒரு தடவ தொவச்சாச் சுருங்கி, தலையே நுழையாதுங்க. சனம் கடைக்கே வந்து சண்டை போடுது. உங்குளுதுதான் தொவச்ச பொறவும் சரியா நிக்குது. அந்தச் சூட்சுமத்தக் கேக்கத்தான் வந்தேன்."

மருதாசலம் டேப்பை மெதுவாகச் சுருட்டினார். "ஜமாலு, இனி ஒரு அங்குலம் ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது. ஆமா, அம்மணிகிட்டச் சொல்லி எங்கூட்டுக்கும் கொஞ்சம் வெண்ணெய் வாங்கிக் குடு."

ஜமாலுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. சாயங்காலம் வெளியே வந்தபோது வாசலில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. வழக்கம்போல நின்று படித்தான்.

'மார்பு முப்பத்தாறு அங்குலம் உள்ள ஆள் தேவை. ஊத்துக்குளியில் பெண் எடுத்தவருக்கு முன்னுரிமை.'