இருபத்தைந்து போதும்

தப்பு என் மேலும் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அண்ணாச்சியைத் திட்டியே இந்தக் கதை முடிந்துவிடும்.

அண்ணாச்சி என்பவர் சௌந்தரபாண்டியன், பாளையம்பட்டியில் சிமெண்ட், கம்பிக் கடை வைத்திருப்பவர். போன வருடம் கடை மாடியில் ஏசி போட்டு, இரண்டு சர்வர் வாங்கி வைத்து, ஸ்கேன் சென்டர்களின் படங்களைச் சேமித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். பார்த்துக்கொள்ள என்னை வைத்தார். அதற்கு முன் நான் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலை ஆறே கால் பஸ். காரியாபட்டி தாண்டும்வரை உட்கார இடம் கிடைக்காது. இரவு வீடு திரும்பும்போது என் நாலு வயது மகள் சுபலட்சுமி தூங்கியிருப்பாள். அவள் விழித்திருந்து நான் பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். இங்கே சம்பளம் குறைவு, ஆனால் ஐந்தரைக்கு வீட்டில் இருப்பேன். இந்த வேலையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி எங்களிடம் காண்ட்ராக்ட் பேச வந்தது. அவர்களுடைய ஒரு நாள் ஸ்கேன் படம் முழுவதும் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் பத்து நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வந்து சோதிப்பார்கள். இது கிடைக்காவிட்டால் மாடியை மூடிவிடுவதாக அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

சர்வரில் இருந்த பழைய நெட்வொர்க் கார்டு அந்த வேகத்துக்குக் காணாது. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். சர்வரில் எந்தக் கார்டு உட்காரும், இரண்டையும் இணைக்கும் ஸ்விட்ச் எந்த வேகத்தைத் தாங்கும், எந்த கேபிள் இருக்கிறது, எல்லாம் பார்த்துத்தான் இருபத்தைந்து ஜி வேகக் கார்டு என்று முடிவு செய்தேன். எங்கள் ஸ்விட்சும் அதே இருபத்தைந்துதான். அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "அண்ணாச்சி, 25 ஜி கார்டு ரெண்டு போதும்." கீழே மாடல் நம்பரும் போட்டேன். அவர் மேல்வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டார்.

ஆணியானாலும் நேரில் போய்ப் பேரம் பேசி வாங்கினால்தான் அண்ணாச்சிக்குத் திருப்தி. செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போய் வாங்கி வந்தார். பெட்டியைப் பிரிக்கக் கை நீட்டினேன்.

"பொறு தாயி. வெள்ளிக்கெழம மதினி சாமி கும்புட்டுத் தரட்டும்."

மூன்று நாள் அந்தப் பெட்டி சாமி படத்துக்குக் கீழே இருந்தது. நான் மாடியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அவர் மனைவி முத்துமாரியம்மாள் மதினி, புதுத் தராசுக்கும் புது லாரிக்கும் செய்ததைப் போலவே, பெட்டியைப் பிரித்து இரண்டு கார்டுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துக் கொடுத்தார். பச்சை போர்டில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், அதிலும் அதே எண்.

"அண்ணாச்சி, நாப்பது வாங்கியாந்திருக்கீக?"

"நீ இருபத்தஞ்சு போதும்னு போட்டிருந்தே. கூச்சப்பட்டுக் கேக்குற புள்ளைன்னு எனக்குத் தெரியாதா? நாப்பதாவே வாங்கியாந்துட்டேன். இதுல வேடிக்கை என்னன்னா, வெலையும் கம்மி!"

கம்மியாகத்தான் இருக்கும். நாற்பது பழைய ரகம், எங்கோ கழற்றிப் போட்ட சரக்கு. அதன் துளை அகலம், எங்கள் ஸ்விட்சின் துளை சின்னது. கேபிள் நுழையவே நுழையாது.

எங்கள் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்து போதும் என்று சொல்லிப் பாருங்கள், இன்னொரு கரண்டி விழும். நிஜமாகவே போதும் என்றால் இலை மேல் குப்புறக் கவிழ்ந்து மறைக்க வேண்டும். அதிலேயே வளர்ந்தவள் நான். இருபத்தைந்துதான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று எழுதியிருக்க வேண்டும். சம்பளம் கொடுக்கிறவருக்கு அப்படி எழுத எனக்கு விரல் வரவில்லை.

கார்டு விற்ற மதுரைக் கடைக்காரருக்குப் போன் செய்து மாற்றித் தரக் கேட்டேன். "குங்குமம் வச்ச போர்டை நான் யாரு தலையில கட்ட?" என்று வைத்துவிட்டார். இருபத்தைந்து ஜி கார்டு சென்னையிலிருந்து வரப் புதன்கிழமை ஆகுமாம். ஸ்விட்சை விட்டுவிட்டு இரண்டு சர்வரையும் நேராக இணைக்கலாம் என்றால், ஸ்விட்ச் வழியாகத்தான் சோதிப்போம் என்று ஆஸ்பத்திரியில் எழுதியே கொடுத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் சனிக்கிழமை நானே மதுரைக்குப் போய், சின்னத் துளைக்கு மாற்றிக் கொடுக்கும் அடாப்டர் இரண்டு வாங்கி வந்தேன். கேபிள் நுழைந்தது. ஆனால் அந்த அடாப்டர் வழியாக நாற்பது ஜி கார்டு பத்து ஜியில்தான் ஓடும்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து மணிகண்டன் என்ற இன்ஜினியர் வந்தார். படங்கள் போய்ச் சேரப் பதினாறு நிமிடம் ஆனது. புதன் வரை பொறுங்கள் என்று கெஞ்சினேன். "மேல ஒத்துக்கமாட்டாங்க மேடம்" என்று காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அண்ணாச்சி நிஜமான வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். "நாப்பதும் பத்தலையா? அப்ப நூறா வாங்கியிருக்கணுமோ?"

எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வியாழக்கிழமை கூப்பிட்டுவிட்டார். கடைக்குள் போனால் முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறார், அன்றைக்குக் கார்டுப் பெட்டியோடு வந்து நின்ற அதே சிரிப்பு.

"காண்ட்ராக்ட் மதுரைல ஒரு கம்பெனிக்குப் போயிருச்சு தாயி. மாடிய மூடுறேன். அதுக்காக ஒன்னைய நடுத்தெருவுல விட்ருவேனா? அந்தக் கம்பெனிக்காரர்ட்டயே பேசிட்டேன். திங்கக்கெழமயே வரச் சொல்லிட்டாக. இங்க நான் இருபத்தஞ்சாயிரந்தான குடுத்தேன்? அங்க நாப்பது!"

எனக்கு ஆறே கால் பஸ்ஸின் படிக்கட்டுதான் கண்ணில் தெரிந்தது.

"வேணாம் அண்ணாச்சி. எனக்கு இருபத்தஞ்சே போ..." நாக்கைக் கடித்துக்கொண்டேன். "இருபத்தஞ்சுதான் வேணும். இந்த ஊர்லதான் வேணும். கீழ கடையில சிமெண்ட்டு லோடு எறக்குறதப் பாத்துக்கிறேன். நாப்பது வேணவே வேணாம்."

முதல் முறையாக அவரிடம் குரல் உயர்த்திச் சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி உள்பக்கம் திரும்பினார். "பாத்தியா, இந்தப் புள்ளைக்கு இன்னும் கூச்சம் போகல" என்று மதினியிடம் சொன்னார். பிறகு போனை எடுத்தார்.

"இரு தாயி. நாப்பத்தஞ்சு தருவாகளான்னு கேட்டுப் பாக்குறேன்."