ரிவர்ஸ் விழாத மாப்பிள்ளை கார்

1

“தள்ளாதீங்கடா!”

கையில் தோசைக்கரண்டியோடு ஓடிவந்த சரசு, காரின் பின்சக்கரத்துக்குக் குறுக்கே படுத்தாள்.

(படுக்கவில்லை. வயது நாற்பத்தெட்டு, மூட்டுவலி வேறு. நின்றாள். முதல் வரியிலேயே மிகைப்படுத்துவது வாரப் பத்திரிகைகளைத் தின்று வளர்ந்தவனின் வியாதி.)

ஷெட்டுக்குள் முகத்தை நுழைத்து நின்ற அந்தத் திறந்த காரை, ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து பிடித்துவந்த நான்கு பேர் பானெட்டில் கைவைத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஸ்டீயரிங்கில் சரசுவின் கணவர் சக்கரவர்த்தி.

“நவுரு சரசு! பத்து மணிக்கு மெட்ராஸ் பார்ட்டி வருது. பேசி முடிச்சாச்சி.”

“யாரைக் கேட்டு முடிச்சீங்க? தை மாசம் நம்ம பொண்ணு கவிநிலாவக் கட்டிக்கப் போற புள்ள இந்த வண்டிலதான் ஊர்வலம் வரணும். மெக்கானிக் சுப்பன வரச் சொல்லிட்டேன். கியர்பாக்ஸ இறக்கி, ரிவர்ஸ சரிபண்ணி, பெயின்ட் அடிச்சி...”

‘கியர்பாக்ஸ்’ என்ற சொல்லைக் கேட்டதும் சக்கரவர்த்தியின் முகம்

(இந்த வாக்கியத்தை இப்போது முடித்தால் கதை இங்கேயே முடிந்துவிடும்.)

2

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். 1998 ஐப்பசி. திருவண்ணாமலை செங்கம் ரோடு. அந்த ஷெட்டுக்கு எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. காப்பி யார் கொடுத்தது என்று இப்போது கேட்காதீர்கள்.

கார், கல்யாண வாடகைக்கென்று சக்கரவர்த்தியின் அப்பா வாங்கியது. மேல்கூரையை மடக்கிவிட்டால் மாப்பிள்ளை ஊருக்கே தெரிவார். அதனால் ஊரில் அதற்குப் பெயரே மாப்பிள்ளை கார். இப்போது கூரை கிழிந்து, பின்சீட்டில் எலி குடித்தனம்.

அந்தக் காரில் வந்த மாப்பிள்ளைகளில் ஒருவர் மட்டும் மண்டபத்துக்குப் போய்ச் சேரவில்லை. அவர் சரசுவின் மாப்பிள்ளை.

1971 ஆவணி, மாலை நேரம். நாதஸ்வரம் முன்னால் போக, இருபத்துநாலு வயது சக்கரவர்த்தி காரை ஓட்டிவந்தார். மண்டப வாசல் வந்ததும் கூட ஏறியிருந்த வாண்டுகள் எல்லாம் குதித்துப் பந்திக்கு ஓடின. கார் மட்டும் வாசலைத் தாண்டிப் போய் நின்றது.

“ரிவர்ஸ் விழலீங்க!” என்றார் சக்கரவர்த்தி.

ஊர்வல மாப்பிள்ளை வாசலில்தான் இறங்க வேண்டும், நடுவழியில் இறங்கி நடந்தால் அபசகுனம். திருப்பி ஓட்டிக்கொண்டு வரலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வேறு ஊராயிருந்தால் வரலாம். அந்த ரோடு மலை சுற்றும் பாதை. “மாலையும் கழுத்துமா மாப்பிள்ளைய உக்கார வச்சிக்கினு அப்பிரதட்சணமா வர்றதா? வெளங்குமா குடும்பம்?” என்று பெண்ணின் அத்தை ஜோதியம்மாள் அலறினாள். பிறகென்ன, சம்பந்திகள் கூடிப் பேசி, ஒரே குரலில் முடிவெடுத்தார்கள். ஒரு சுத்து சுத்தியே வந்துடட்டும்.*

கார் மாப்பிள்ளையோடு புறப்பட்டது. அடி அண்ணாமலையில் பெட்ரோல் தீர்ந்தது. திரும்பி வந்தபோது பொழுது விடிந்து, முகூர்த்தம் முடிந்து, மாப்பிள்ளையின் அப்பா சண்டை போட்டு, தன் ஜனத்தை பஸ்ஸும் ஏற்றிவிட்டிருந்தார். மாப்பிள்ளையும் இறங்கிய காலோடு அவர்கள் பின்னாலேயே போய்விட்டார். சமைத்தது சமைத்தபடி இருந்தது. சரசுவின் அப்பா சக்கரவர்த்தியின் சட்டையைப் பிடித்தார்.

“முகூர்த்தத்த கெடுத்தவன் நீ. ஒன்பதரைக்கு இன்னொரு முகூர்த்தம் இருக்குது. நீயே கட்றா!”

முறையில் மாமன் மகன்தான். டிரைவர் வேலை பார்க்கிறான் என்றுதான் அதுவரை யாரும் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. கட்டினார்.

அன்றிலிருந்து சரசு எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: “அண்ணாமலையாரே மாப்பிள்ளைய மாத்திக் குடுத்துட்டாரு.”

* பதினாலு கிலோமீட்டர். இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். உள்ளூர்க்காரர்கள் ‘வேற இன்னா பண்றது’ என்பார்கள்.

3

எனக்குச் சக்கரவர்த்தி பாத்திரத்தின் மேல் சந்தேகம். வெள்ளிக்கிழமைதோறும் காரைக் கழுவி விபூதிப் பட்டை போடுகிறவர் அதை ஏன் விற்கத் துடிக்கிறார்? காரணம் எழுதிப் பார்த்தேன்.

ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு ரூம் கட்ட ஷெட்டை இடிக்க வேண்டியிருந்த

(இல்லை. அப்படிக் கேட்டு வந்த புரோக்கரை அவர் துடைப்பத்தால் விரட்டியிருக்கிறார்.)

ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடிபோகும் ஆசையில் அவர்

(இந்த ஷெட்டை விட்டு எங்கேயும் குடிபோகமாட்டார்.)

4

சரி, உடைத்துவிடுகிறேன். ரிவர்ஸ் கியர் கெடவே இல்லை.

அன்றைக்கும் நன்றாக விழுந்தது. இன்றைக்கும் விழும். சரசுவை வேறொருவன் கட்டுவதைக் காண முடியாமல், வாயில் வந்த பொய்யைச் சொன்னார் மனிதர். அதைக் காப்பாற்ற, இருபத்தேழு வருடமாக ஒவ்வொரு தடவையும் ஆள் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, வண்டியை ஷெட்டிலிருந்து தள்ள வைக்கிறார். சுப்பன் கியர்பாக்ஸை இறக்கினால் போச்சு. ‘சாமி கொடுத்த புருஷன்’ ஒரே நிமிஷத்தில் ‘ஏமாத்திக் கட்டினவன்’ ஆகிவிடுவார். அதற்குள் விற்றுவிட வேண்டும்.

இப்போது மணி ஒன்பதே முக்கால்.

5

மெட்ராஸ் பார்ட்டி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். வழுக்கை, கண்ணாடி, குறுந்தாடி. சரசுதான் எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். விருந்தோம்பல் வேறு, விற்காமல் இருப்பது வேறு. (இவருக்குப் பெயர் வைக்கவில்லை. மறதி இல்லை.)

சுப்பனும் வந்தான். பேட்டரியை மாட்டினான். சாவியைத் திருப்பினான். கார் இருமியது, பின்சீட்டு எலி குதித்து ஓடியது, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“ரிவர்ஸ் விழாதுப்பா, வீணா ட்ரை பண்ணாத,” என்றார் சக்கரவர்த்தி.

“ஒரு வாட்டி பாத்துட்றேண்ணா.”

“வேணான்றேன்ல! பல்லு ஒடிஞ்சிரும்!”

“பல்லு உங்களுதா வண்டியோடதா?”

சுப்பன் கியரைத் தள்ளினான். மாப்பிள்ளை கார், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி பின்னால் வழுக்கி வந்து, ரோட்டோரம் நின்றது.

ஆட்டோக்காரர் ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார். “இன்னா சார், நாலு வருஷமா எங்கள தள்ள வுட்டுக்கினு இருந்தீங்க?”

சக்கரவர்த்தி மனைவியின் பக்கம் திரும்பினார். “சரசு... அன்னிக்கி...”

“தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“மண்டபத்து மாடி ஜன்னல்லதான் நின்னுட்டு இருந்தேன். வண்டி வாசலத் தாண்டி நின்னுச்சி. ஒரு முழம் பின்னாடி வந்துச்சி. நீங்க அண்ணாந்து என்னப் பாத்தீங்க. அப்பறம்தான் முன்னாடி போச்சி.”

“அப்பவே ஏன் கூப்பிடல?”

“கூப்ட்டா திரும்பி வந்துடுவீங்களே!”

ஆட்டோக்காரர்கள் நான்கு பேரும் ஏனோ வேறு வேறு திசையில் பார்த்தார்கள்.

“இருபத்தேழு வருஷமா பாக்கறேன், இந்த மனுசன் வாயால ஒரு நாளாவது சொல்றாரான்னு. ம்ஹூம். அதான் சுப்பனக் கூப்ட்டேன்.”

6

முடிவு அ: கார் விற்கப்படுகிறது. சென்னையில் பளபளவென்று ஆகிறது. கவிநிலாவின் மாப்பிள்ளை அம்பாசிடரில் வருகிறார். யாருக்கும் நினைவில்லை.

முடிவு ஆ: பழுது பார்க்கிறார்கள். ஊர்வலத்தில் கார் வாசலைத் தாண்டிவிடுகிறது. ஊரே மூச்சைப் பிடிக்கிறது. சக்கரவர்த்தி ரிவர்ஸ் எடுத்து, அழகாக வாசலில் நிறுத்துகிறார். (கைதட்டலுக்காக எழுதியது. எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

உண்மையில் நடந்தது இரண்டும் இல்லை. பயம் விட்டுப்போன சக்கரவர்த்தி, “இனிமே இத எவனுக்கும் குடுக்க மாட்டேன்!” என்று ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டார். சரசு, “எனக்கு வேண்டியது கெடச்சிடுச்சி. எலி நாத்தம் தாங்கல. வித்துத் தொலைங்க!” என்றாள். கால்மணி நேரம் கத்தினார்கள். பிறகு இருவரும் ஒன்றாகத் திரும்பி, நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார்கள்.

“நீங்களே சொல்லுங்க சார். இது விக்கிற வண்டியா, வச்சிக்கிற வண்டியா?”

7

அந்தக் கேள்வி என்னிடம்தான். சரசு கொடுத்த காப்பி கையில் ஆறிக்கொண்டிருக்கிறது. இருவரும் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வாசகரே, நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை அப்படியே அவர்களிடம் ஒப்பித்துவிட்டு எழுந்துகொள்கிறேன். நான் சொன்னால் அது நியாயமாக இருக்காது.

ஏனென்றால், 1971இல் எனக்குப் பேசியிருந்த மாமனாருக்கு ரைஸ் மில் இருந்தது. தாலி ஏறியதும் பேனாவை மூடிவைத்துவிட்டு மில்லில் உட்கார வேண்டும் என்பது என் அப்பா கொடுத்த வாக்கு. என் பட்டு வேட்டி மடிப்பிலோ, முதல் தொடர்கதையின் ஆறாவது அத்தியாயம் பாதியில் இருந்தது. அடி அண்ணாமலையில் பெட்ரோல் தீர்ந்த காரின் பின்சீட்டில்தான் அதை எழுதி முடித்தேன்.

கார் ஒரு முழம் பின்னால் வந்ததை, மாலையும் கழுத்துமாக, நானும் உணர்ந்தேன். வாயைத் திறக்கவில்லை.