நேட்டிவ் கௌதள்ளி

சோனியா காலையிலிருந்து இரண்டே இரண்டு பொய்யை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்தாள். ஊர் மைசூரு. அப்பா இல்லை. இன்டர்வியூவில் வேறெதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடலாம், இந்த இரண்டில் மட்டும் நாக்கு பிசகக்கூடாது.

"செத்துட்டாருன்னே சொல்லிரு புள்ள, பாவமெல்லாம் ஒண்ணும் சேராது," என்று சொல்லித்தான் புருஷன் உதயகுமார் அனுப்பினான். ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். அவனுக்கு இடது கை மடங்காது. அதை அப்படி ஆக்கியவன் சோனியாவின் சொந்த அண்ணன் கந்தசாமி. இருவரும் ஓடிவந்த அன்றைக்கு கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் மடக்கி, சனம் மொத்தமும் வேடிக்கை பார்க்க, ஜாக்கி ராடால் முழங்கையில் ஓங்கிப் போட்டான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. குறுக்கே விழுந்த தங்கச்சியின் முடியைக் கொத்தாகப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "அடுத்த தடவ கழுத்துடா," என்றான். அந்நேரம் போலீஸ் ஜீப் வந்ததால் பிழைத்தார்கள். உதயகுமார் வேறு சாதி. கந்தசாமிக்கு அது ஒன்று போதும், மனுஷனை மனுஷனாகப் பார்க்காமல் இருக்க.

அப்புறம் மைசூருக்கு வந்து, அக்ரஹாரம் என்கிற பேட்டையில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை. அங்கேயே கடைவீதியில் ஒரு டைல்ஸ் கடையில் உதயகுமாருக்கு வேலை. பாரம் தூக்க முடியாதவனுக்கு என்ன பெரிய சம்பளம் தருவார்கள்? சோனியா டிப்ளமோ படித்தவள். இந்தப் பம்ப்செட் ஃபேக்டரியில் குவாலிட்டி செக்கிங் வேலை கிடைத்துவிட்டால் இன்னும் தூரமாக எங்காவது வீடு பார்த்துப் போய்விடலாம். அண்ணன் கண்ணில் படாத தூரத்துக்கு.

உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் ஜெயகிருஷ்ணன் தாத்தா காலத்தில் ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம்; வாயைத் திறந்தால் கன்னடம்தான் முதலில் வரும். பக்கத்தில் எச்.ஆர். பாக்கியலட்சுமி. ஐம்பதை ஒட்டிய வயது, தலையில் பூ, சிரித்த முகம்.

"டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்," என்றார் ஜெயகிருஷ்ணன்.

இங்கேதான் வந்தது கேடு. சோனியா படித்த காலேஜில் பிளேஸ்மென்ட் கிளாஸ் என்று ஒரு கூத்து நடந்தது. தினமும் ஒவ்வொருத்தராக எழுந்து நின்று செல்ஃப் இன்ட்ரொடக்ஷன் ஒப்பிக்க வேண்டும். பேர், நேட்டிவ், அப்பன் பேர், அப்பன் தொழில், அண்ணன் தம்பி எத்தனை. இங்கிலீஷில் சொந்தமாக ஒரு வாக்கியம் கட்டத் தெரியாத பிள்ளைகூட இதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். நான் கேட்கிறேன், வேலைக்கு வந்தது இவளா, இவள் அப்பனா? அப்பன் உரம் விற்றால் இவர்கள் பம்ப்செட் நன்றாக ஓடுமா? எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ இந்த முறையை, அவன் நாசமாய்ப் போக.

சோனியாவுக்கு இங்கிலீஷ் என்றால் பயம். பயத்தில் புத்தி நின்றது, வாய் ஓடியது.

"மை நேம் இஸ் சோனியா. மை நேட்டிவ் இஸ் கௌதள்ளி, ஹனூர் தாலுக். மை ஃபாதர் நேம் இஸ் கருப்புசாமி, ஹி இஸ் ரன்னிங் ஃபெர்டிலைசர் ஷாப். ஐ ஹாவ் ஒன் எல்டர் பிரதர்..."

அண்ணன் பேர் நாக்கு நுனிக்கு வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியே நிறுத்தினாள்.

"ஏங்கண்ணு, உரக்கடை கருப்புசாமியண்ணன் பொண்ணா நீயி?" பாக்கியலட்சுமி முகமெல்லாம் பல்லாகத் தமிழுக்குத் தாவினாள். "எங்கப்பன் காலம் பூரா உங்க கடையிலதான் யூரியா வாங்குனாரு. நான் கட்டிக்கிட்டு இங்க வந்து ரொம்ப வருசம் ஆச்சு, அந்தப் பக்கம் போறதே இல்ல. உன்னைச் சின்னதுல பாத்தது."

ஆக, ஓடிவந்த கதை இந்த அம்மாளுக்குத் தெரியாது. இல்லை, அது வேறு கருப்புசாமி என்று அப்போதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். தலை தானாக ஆடிவிட்டது.

"மேரேஜ் ஆகிதெயா?" ஜெயகிருஷ்ணன் கேட்டார். "கல்யாணமான பொண்ணுங்க ஆறு மாசத்துல நின்னுடறாங்க, அல்லவா?"

"நிக்கமாட்டேன் சார். வீட்டுக்காரர் இங்கயேதான், அக்ரஹாரத்துல டைல்ஸ் கடையில வேலை பாக்கறாரு," என்றாள் அவசரமாக. வேலை கைநழுவிப் போய்விடக்கூடாதே என்ற தவிப்பு. அந்தத் தவிப்பில் புருஷன் இருக்கும் இடத்தையும் எடுத்துக் கொடுத்தாள்.

"அப்பாவுக்குச் சொல்லிட்டியா, இன்டர்வியூன்னு?" என்றாள் பாக்கியலட்சுமி.

"இல்லீங்க்கா. கெடச்சப்பறம் சொல்லிக்கலாம்னு."

சொல்லிவிடாதீர்கள், எங்களை வெட்டிப் போட்டுவிடுவார்கள் என்று அந்த அம்மாளின் காலைப் பிடித்திருக்க வேண்டும். ஓடிவந்து கட்டிக்கொண்டவள் என்று தெரிந்தால் வேலை தருவார்களா? அதை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் சோனியா டக் டக்கென்று பதில் சொன்னாள். கேஜ், டாலரன்ஸ், லீக் டெஸ்ட், ஒன்றிலும் தடுமாறவில்லை. ஜெயகிருஷ்ணன் தலையாட்டினார். இருந்து சாப்பிடு, மத்தியானம் ஜெனரல் மேனேஜர் ஒரு வார்த்தை பேசுவார், அவ்வளவுதான், ஆய்த்து என்றார்.

பாக்கியலட்சுமி நல்லவள்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஊர்ப்பாசம் பொத்துக்கொண்டு வந்து, யாரிடமோ நம்பர் வாங்கிக் கருப்புசாமிக்குப் போன் போட்டாள். உங்க பொண்ணு இங்கதான் இருக்கா, வேலை கெடச்ச மாதிரிதான், மாப்பிள்ளைகூட அக்ரஹாரத்துல டைல்ஸ் கடையிலயாமே என்று மூச்சுவிடாமல் சொன்னாள். எந்த ஃபேக்டரி, எந்த இடம் என்று கருப்புசாமி இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். பொண்ணைப் பார்க்க அவ்வளவு ஆசை மனுஷனுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

ஜெனரல் மேனேஜர் வர நேரமாகிக்கொண்டே போனது. சோனியா வரவேற்பறையில் உட்கார்ந்து உதயகுமாருக்கு இரண்டு தடவை போன் செய்து பார்த்தாள். எடுக்கவில்லை. கடையில் ஆள் இருக்கும்போது எடுக்கமாட்டான், அது வழக்கம்தான். இந்த வேலை நிச்சயம் என்று சொன்னால் அவன் முகம் எப்படி மாறும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"சோனியா, யாரு வந்துருக்காங்க பாரு," என்று பாக்கியலட்சுமி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் கந்தசாமி.

அவன் போட்டிருந்தது புத்தம் புதுச் சட்டை. மடித்த கோடுகூட அழியவில்லை, காலர் பட்டைக்கு அடியில் குண்டூசி இருந்தது. வரும் வழியில் வாங்கி மாற்றியிருக்கிறான். கை கழுவியிருந்தான், ஆனால் நகக்கண்ணில் கருஞ்சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது. கிரீஸ் இப்படிச் சிவந்து காயாது.

"ரொம்ப உபகாரமுங்க்கா," என்று பாக்கியலட்சுமியைக் கும்பிட்டான். பிறகு தங்கச்சி பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டில் மோர் வாங்கிவந்த கதையைச் சொல்கிற மாதிரி சொன்னான். "மொதல்ல அங்க போயிட்டுத்தான் வர்றேன். கழுத்துன்னு சொன்னேனில்ல."

அவள் அலறவில்லை. அலற மூச்சு வேண்டுமே. அவன் முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் அடித்தான். முன்பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். இரண்டாவது அடியில் கண்ணாடி மேசை தூள் தூளானது. பாக்கியலட்சுமி குறுக்கே ஓடிவந்தாள். அவளை ஒரு கையால் தள்ளினான், போய் நாற்காலிகளுக்கு நடுவே விழுந்தாள். சோனியாவைக் கீழே தள்ளி முழங்காலை நெஞ்சில் ஊன்றி இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். அதையும் கழுவித்தான் வைத்திருந்தான், பாவி.

சோனியா அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் உடைந்த வாயால், எலும்பு தட்டுப்படும்வரை கடித்தாள். கத்தி விழுந்தது. அவன் அதைத் தேடிக் குனிந்த நேரத்தில் உருண்டு எழுந்து, சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரைப் பிடுங்கினாள். அதை இரண்டு கையால் தூக்கி அவன் பிடரியில் போட்டாள். ஆள் முகம் குப்புற விழுந்தான். கை கத்தியின் மேல் நகர்ந்தது. அந்தக் கையின் மேல் போட்டாள். பிறகு தலையில். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. இன்னும் ஓங்கினாள். ஜெயகிருஷ்ணனும் கேட் செக்யூரிட்டியும் ஓடிவந்து பிடித்து இழுக்கும்வரை அடித்தாள். சிலிண்டரை அவள் கையிலிருந்து விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

"உசுரு இருக்கு, மூச்சு வருது," என்றார் செக்யூரிட்டி, குனிந்து பார்த்துவிட்டு.

பாக்கியலட்சுமி சுவரோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நல்லதுன்னு நெனச்சுத்தானே கண்ணு சொன்னேன்... நல்லதுன்னுதானே..." சோனியாவுக்கு அவள் மேல் கோபம்கூட வரவில்லை. என் வாயால்தானே சொன்னேன், என் வாயால்தானே என்று அது ஒன்றே மண்டைக்குள் இடித்துக்கொண்டிருந்தது.

அப்போது பாக்கியலட்சுமியின் போன் அடித்தது. எடுக்கும்போது விரல் தவறிப் பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது.

"பாக்கியா, பையன் அங்க வந்து சேந்துட்டானா?" கருப்புசாமியின் குரல்.

சோனியா போனை வாங்கினாள். வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினாள்.

"நான் சோனியா பேசறேன். உதயகுமார் பொண்டாட்டி. உங்க பையன் மண்டை ஒடைஞ்சு இங்க கெடக்கறான். ஒடச்சது நாந்தான். வந்து அள்ளிட்டுப் போங்க."

போனைப் பாக்கியலட்சுமியின் மடியில் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள். கண்ணாடித் துண்டுகளை மிதித்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. செக்யூரிட்டி பின்னாலேயே வந்து, போலீசுக்குச் சொல்லியிருக்கு, வர்ற வரைக்கும் நீ இங்கதாம்மா இருக்கணும் என்றார்.

"அக்ரஹாரத்துக்கு வரச் சொல்லுங்கண்ணா," என்றாள். "அவரு அங்க தனியாக் கெடக்கறாரு."