இரண்டு லாரித் தண்ணீரும் ஒரு கல்லும்

1
உண்மையை முதலிலேயே சொல்லிப்போடறேன். இந்தக் கதை என் மனசில் ஊறி வந்ததல்ல. எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு ‘பருவநிலை மாற்றமும் நாட்டு மக்களும்’ என்று தலைப்புக் கொடுத்து, ஒரே பக்கத்தில் முடிக்கச் சொன்னார்கள். நாடு பெரிசு, பக்கம் சின்னது. நாட்டைத்தான் குறைக்கணும்.

முதல் ஆரம்பம்: ‘வட துருவத்தில் பனி உருகிய அந்த 1996-இல், ஒரு பனிக்கரடி காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில்...’

வேண்டாம். மலர்க் குழுவுக்குப் பிடித்துவிடும்.

2
ரங்கராஜ் ஒரு விவசாயி. மேட்டுப்பாளையம் போகிற வழியில் ஐந்து ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, கல்யாண வயசில் ரங்கநாயகி என்றொரு மகள். மூன்று வருஷமாக மழை பொய்த்து, கிணறு காய்ந்துகிடந்தது. வெள்ளிக்கிழமை அந்தியூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அந்த வீட்டார் முதலில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணைப் பார்ப்பார்களாம். (அடிக்குறிப்பு: படித்தவர்கள்தான்.)

ரங்கராஜ் காலையிலேயே இரண்டு லாரித் தண்ணீர் வரவழைத்துக் கிணற்றில் ஊற்றினார்.

“ஏனுங்க, பாறையெல்லாம் வெடிச்சுக் கிடக்குதுங்க. நிக்காதுங்க,” என்றார் லாரிக்காரர் ரசாக்.

“ஒரு மணி நேரம் நின்னாப் போதுமுங்க பாய். பத்து மணிக்குள்ள வந்துருவாங்க.”

3
வரவில்லை. காந்திபுரத்தில் பஸ் மாறத் தாமதம். பத்தரைக்கு ராகுகாலம் பிடித்துக்கொண்டது. நல்ல காரியமாச்சே! ஊர் எல்லை டீக்கடையில் பன்னிரண்டு மணிவரை பொறுப்பாக உட்கார்ந்திருந்தார்கள். கிணறு ராகுகாலம் பார்க்காமல் குடித்துக்கொண்டிருந்தது.

4
மாப்பிள்ளைப் பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. ‘அவன் கண்களில் கருணை...’ அடித்துவிட்டேன்.

மறைச்சு என்னங்க ஆகப்போகுது? அவன் நான்தான். மலர்க் குழுமேல் பழியைப் போட்டேனே, அது சாக்கு. பத்து வருஷமாகச் சொல்ல வாய் வராத விஷயம் இது.

வாசலில் ஈர லாரித்தடத்தை நான் பார்த்தேன். எங்கள் அந்தியூர்க் கிணறும் காய்ந்துதான் கிடந்தது. அதை எட்டிப் பார்க்க யாரும் வரவில்லை. அப்பா நேரே கிணற்றடிக்குப் போய், தண்ணீர்ச் சத்தம் கேட்க ஒரு கல்லை எடுத்தார்.

“ஏனுங்கப்பா, என்னைப் பாக்கவே மாட்டாங்களா?” பின்னாலிருந்து ரங்கநாயகியின் குரல்.

ரங்கராஜ் என்னைத்தான் பார்த்தார். ‘விடுங்கப்பா, பொண்ணைப் பாக்கலாம்’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

5
முடிவு அ: கல் ‘தொபுக்’கென்று விழுகிறது. கல்யாணச் சாப்பாடு.

முடிவு ஆ: கல் ‘டக்’கென்று விழுகிறது. பூமி சூடானதே காரணம் என்று ஒரு பத்தி. மழையைக் குற்றம் சொல்ல எனக்கு நன்றாக வரும்.

இரண்டையும் அடித்துவிட்டேன். அப்பா கல்லை இன்னும் கையில்தான் வைத்திருக்கிறார். ரங்கராஜ் இப்போது உங்களைப் பார்க்கிறார். நான்தான் பேசவில்லை, நீங்களாவது சொல்லுங்க.

என்னங்க, நீங்களும் வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க?