மாமனார் ஒட்டிய விரிசல்

தேவிப்ரியாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆறு மாதம் மாரடித்து, சென்னையில் பெரிய இயந்திரத்தில் வைத்து அழுத்தி ஒரு சங்கில் உண்டாக்கிய விரிசல். வேங்கிக்கால் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்து இரண்டு நாள் ஆகவில்லை. மாமனார் பலராமன் பசை போட்டு அடைத்து, மேலே விபூதியும் பூசி, சங்கைப் பூஜை அறையில் வைத்துவிட்டார்.

“ஒடஞ்ச சங்கு வீட்ல இருக்கக் கூடாதும்மா,” என்றார்.

“அது தானா ஒடஞ்சது இல்ல மாமா. நான் ஒடச்சது. நாளைக்கு கமிட்டில அதத்தான் காட்டணும். இல்லன்னா இன்னும் ஆறு மாசம் தள்ளிடுவாங்க.”

அவர் விழித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். சங்கு வெறும் சுண்ணாம்புதான். ஆனால் உள்ளே பிளைவுட் மாதிரி மெல்லிய பட்டைகள் ஒன்றுக்கொன்று குறுக்கே அடுக்கியிருக்கும். விரிசல் நேராக ஓட முடியாது; திரும்பித் திரும்பி அலைந்து, பாதியில் நின்றுவிடும். அது நின்ற இடம்தான் அவளுடைய ஆராய்ச்சி. அங்கேதான் இப்போது பசை.

“இன்னொன்ன ஒடச்சிக்கோயேன்,” என்றார் சர்வ சாதாரணமாக.

மிச்சமிருந்த ஒரே சங்கைத் தோட்டத்துக் கல்லில் வைத்துச் சுத்தியலால் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஓங்கிப் போட்டாள், கைதான் கடுத்தது. லேசில் உடையாது என்று இவளே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள், யாரை நொந்துகொள்வது? நான்காவது அடியில் சுக்குநூறானது. தலையில் கை வைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பலராமன் உள்ளே போய், பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலைக் கோயிலில் தான் ஊதும் சங்கை எடுத்துவந்தார். நகத்தால் அதன் மேலிருந்த மெழுகைச் சுரண்டினார். அடியில் ஒரு விரிசல், வளைந்து வளைந்து வந்து பாதியில் நின்றிருந்தது.

“நாலு வருஷம் முன்ன கோயில் படியில கை தவறிடுச்சி. மெழுகு வச்சி ஊதினு இருக்கேன். ஒரு நூல் கூட நகரல. இத எடுத்துட்டுப் போ.”

அவள் அந்த விரிசல் நின்ற இடம்வரை விரலால் தடவிப் பார்த்தாள். எந்த இயந்திரமும் இவ்வளவு அழகாகச் செய்ததில்லை.

“ஏன் மாமா இத்தன நாளா சொல்லல?”

“யார்கிட்ட சொல்றது? இது வெடிச்ச மாசந்தான் உங்க அத்தை போய்ச் சேந்தா.” அவர் தரையைப் பார்த்தார். “மேஜை மேல உன்னோடதப் பாத்ததும் பயந்துட்டேம்மா.”