தளத்துக்கு மேல் மச்சான்

ஐப்பசியில் மேல்தளம் போடத் துணிகிறவனுக்குத் தைரியம் இருந்தால் போதும், புத்தி தேவையில்லை. கிணத்துக்கடவு பாலுசாமிக்குத் தைரியம் நிறையவே இருந்தது.

அவர் மனைவி ராசாத்தாள் மழை வரும் என்று முந்தின நாளே சொன்னாள். தார்ப்பாய் வாடகைக்கு எடுத்து வரச் சொல்லி இரண்டு தடவை நினைவுபடுத்தினாள். கல்யாணம் ஆனதிலிருந்து கொழுந்தனார் வீட்டில் ஒற்றை அறையில் குடித்தனம், அடுப்பங்கரையில் கொழுந்தனார் மனைவியோடு பங்கு. தை பிறந்ததும் சொந்த வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. பாலுசாமியோ, களத்தில் மச்சானின் ஃபிளெக்ஸ் நாலு சும்மா கிடக்கையில் தார்ப்பாய் எதற்கு என்று கேட்டுவிட்டார்.

மச்சான் என்றால் ராசாத்தாளின் அண்ணன் கிருபாசங்கர். தென்னை விவசாயிகள் சங்கம் ஒன்றில் வட்டாரத் துணைச் செயலாளர். அந்தப் பதவிக்கு என்ன வேலை என்று அவருக்கே தெரியாது. ஆனால் பதவி வந்த அன்று ரோடு நெடுக ஃபிளெக்ஸ் வைத்தார்கள். வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, ஆள் உயரத்துக்கு மூஞ்சி மட்டும். 'கொங்கு மண்ணின் விடியலே' என்று கீழே எழுதியிருந்தது. விடிந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் கான்கிரீட் போட்டு முடித்துத் தளத்தை மட்டம் தட்டியபோது மேகம் கறுத்தது. ஆட்கள் ஓரமாகப் பலகையில் நின்று ஃபிளெக்ஸை விரித்தார்கள். கிருபாசங்கர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். சகாயம் மேஸ்திரி சட்டென்று செருப்பைக் கழற்றினார். அவ்வளவுதான், வேலை நின்றது.

மூஞ்சி மேலே தெரியும்படி விரித்தால் காற்றுக்குப் பறக்காமல் ஓரத்தில் கல் வைக்க வேண்டும். ஃபிளெக்ஸின் ஓரம் வரைக்கும் மச்சானின் தலைதான்.

"ஏனுங்ணா, அவுங்க தலைல கல்லைப் போட்டம்னா நல்லா இருக்குமுங்களா?" என்றார் மேஸ்திரி.

பாலுசாமிக்கு வியர்த்தது. மச்சான் தலையில் கல்லைப் போட்டான் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் போதும், சொந்தம் அறுந்தது. சரி, மூஞ்சியைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி விரிக்கலாம் என்றார்கள். அதற்கு அவரே தடை சொன்னார்.

"மச்சானைக் கவுத்துப்போட்டன்னு சொல்லிப்போடுவாங்களேப்பா."

தலையில் கல்லைப் போடுவதா, ஆளைக் கவிழ்ப்பதா என்று தளத்தின் மேல் பஞ்சாயத்து நடந்தது. மரியாதைக்குப் பேர்போன ஊர் அல்லவா, ஆளுக்கொரு யோசனையை 'ங்க' போட்டுச் சொன்னார்கள். கடைசியில் மச்சானிடமே அனுமதி கேட்டுவிடலாம் என்று பாலுசாமி போன் போட்டார். அவர் பொள்ளாச்சியில் ஏதோ மேடையில் இருந்தார், எடுக்கவில்லை. பாலுசாமி விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார். மழைக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை. கொட்டிவிட்டது.

கீழே சோறு பரிமாறிக்கொண்டிருந்த ராசாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு ஃபிளெக்ஸை இழுத்து, அண்ணனைக் கவிழ்த்து, நாலு மூலையிலும் கல்லைத் தூக்கி வைத்தாள். இரண்டு பாவத்தையும் ஒன்றாகவே செய்துவிட்டாள். அதற்குள் மற்ற இடத்தில் சிமெண்ட் பால் கரைந்து சுவரில் வழிந்தது. மழை விட்டபோது தளம் முழுக்க ஜல்லி பல்லை இளித்தது.

மறுநாள் என்ஜினியர் வந்து பார்த்தார். இடித்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும், இந்தத் தைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். ராசாத்தாள் அழுதாள். பாலுசாமி மச்சான் என்ன சொல்வாரோ என்று கவலைப்பட்டார்.

மச்சான் வந்தார். தளத்தைப் பார்க்கவில்லை. கவிழ்ந்து கிடந்ததைத்தான் பார்த்தார்.

"ஏன் மாப்ள, படத்தை இப்பிடிப் போட்டிருக்கீங்க?"

பாலுசாமி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ராசாத்தாள்தான் குனிந்து ஃபிளெக்ஸைப் புரட்டினாள். ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, ஒட்டியிருந்த சிமெண்டைக் கையாலேயே வழித்தாள். கிருபாசங்கர் பளிச்சென்று கும்பிட்டார்.

"உங்க மூஞ்சிக்கு ஒண்ணும் ஆகலீங்ணா," என்றாள். "என்ற ஊடுதானுங்க போச்சு."